பன்றிப் பாறைக்கு எதிரே ஒரு சுவர்

செவெரின் டிராங்கேவுக்கு அப்பன் விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் குரல் ஒன்றுதான். அப்பன் பீப்பாய் செய்கிறவன். மகனுக்கு மரவேலை கைகூடவில்லை, பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை. ஆனால் காற்று எதிர்த்து அடிக்கிற நாளிலும் ஹெல்லேவோக் வளைகுடாவின் இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் ஆடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்போது அங்கே கடை வைத்திருந்த பழைய முதலாளிக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. படகுகள் உள்ளே நுழையும்போதே படித்துறையில் நின்று அன்றைய காட் மீன் விலையைக் கத்திச் சொல்லவேண்டும். அந்த வேலைக்கு வந்தவர்தான் செவெரின். பிறகு உப்புக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். பிறகு கருவாட்டு மூட்டைகளோடு பெர்கன் நகரம் வரைக்கும் போய் விற்றுவந்தார். பிறகு முதலாளியின் மகள் ஆபெலோனாவைக் கட்டிக்கொண்டார். கிழவர் கண்ணை மூடியபோது கடை, கிடங்கு, படித்துறை மூன்றும் இவர் கைக்கு வந்தன.

ஹெல்லேவோக்கில் வேறு கடை கிடையாது. இருக்கவும் கூடாது. கடை நடத்தும் உரிமம் அந்த ஒரு வீட்டுக்குத்தான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. காப்பிக்கொட்டை, புகையிலை, தூண்டில் முள், சவப்பெட்டி ஆணி எல்லாம் செவெரினிடம்தான் வாங்கவேண்டும். படித்துறை விஷயமும் அப்படித்தான். வளைகுடாவிலேயே அலை மறைவாக இருந்த ஒரே இடம் அவருடைய படித்துறை. ஒரு குன்று மூக்கை நீட்டிக்கொண்டு அதற்கு மறைப்பாக நின்றது. அங்கே இடம் கிடைக்காத படகுகள் எல்லாம் திறந்த தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டு, தென்மேற்குக் காற்று வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவேண்டியதுதான். தென்மேற்கு கிளம்பினால் வாயிலில் கிடக்கும் பன்றிப் பாறையைச் சுற்றிக்கொண்டு அலை உள்ளே வரும். வந்தால் படகுகளைக் கொட்டைப் பாக்கு மாதிரி நொறுக்கும்.

ஒரு பிப்ரவரியில் அப்படித்தான் தோர்கில்ஸ் போனான். தோர்கில்ஸ், மோன்ஸ் என்கிற படகுக்காரனின் தம்பி. மீன் நிறைந்த படகு, நாலு ஆட்கள். பட்டப்பகல். செவெரின் கடை வாசலில் இருந்து பார்த்துவிட்டுப் படித்துறைக்கு ஓடினார். "எடப்பக்கம் வளை! எடப்பக்கம் வளைடா தோர்கில்ஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தோர்கில்ஸ் கையைத் தூக்கிக் காட்டினான். குரல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். படகுதான் வந்து சேரவில்லை.

அடக்கம் முடிந்து ஜனங்கள் தேவாலய மேட்டில் நின்றிருந்தார்கள். பாதிரியார், எல்லாம் ஆண்டவரின் சித்தம் என்றார்.

"ஆண்டவர் மேல ஏன்யா பழி போடுறீங்க?" என்றார் செவெரின். மேட்டுக்குக் கீழே குதிரைகள் காதை விடைத்துக்கொண்டன. "அவரு கல்லைப் படைச்சுக் குடுத்துட்டாரு. அள்ளிப் போடறதுதான் மனுசன் வேலை. பன்றிப் பாறையில இருந்து இந்தப் பக்கமா ஒரு அலைதடுப்புச் சுவர் கட்டினா இந்தப் பயலுக இன்னைக்கு வீட்ல கஞ்சி குடிச்சிட்டிருப்பானுக. தலைநகரம் கிறிஸ்தியானியாவுல நாடாளுமன்றத்துல உக்காந்திருக்கிற கனவான்களுக்கு இது தெரியுமா? மூணு வருசத்துக்கு ஒரு தடவை கூடுறானுக. மூணு வருசத்துக்கு ஒரு தடவையா கடல் பொங்குது? வருசா வருசம் கூடட்டும்! வருசா வருசம் அந்த பெஞ்சுல உக்காந்து முதுகு வலிக்கட்டும்!"

ஜனங்களுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைச் சொல்லாமல் அவர் மேட்டை விட்டு இறங்கியதில்லை. கொஞ்ச நாளில் சட்டமே மாறி, நாடாளுமன்றம் இனி வருஷா வருஷம் கூடும் என்று வந்தது. செவெரின் தன்னால்தான் அது நடந்தது என்பதுபோல் பிராந்தி வாங்கி ஊற்றினார்.

அடுத்து வந்த தேர்தலில், பாதிரியார் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தேவாலயத்துக்குள் ஒவ்வொருவனாக வந்து உரக்கப் பெயர் சொன்னான். "செவெரின் டிராங்கே." "செவெரின் டிராங்கே." அப்படி ஊர் ஊராகப் பொறுக்கியெடுத்த ஆட்கள் ஒன்றுகூடி, தங்களுக்குள் யாரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பலாம் என்று பார்த்தார்கள். இவ்வளவு கத்துகிற ஆள் வேறு யாரும் இல்லை. முடிந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோதுதான் அவருக்கு உறைத்தது. கூட்டம் பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூன் வரைக்கும் நடக்கும். காட் மீன் வருவதும் அதே மாதங்களில்தான்.

மறுநாள் காலையில் ஊர் அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டினார். "எனக்கு வேண்டாம்யா. மீன் சீசன்ல நான் எப்படிப் போறது?"

"தேர்ந்தெடுத்துட்டா மறுக்க முடியாது மொதலாளி. சட்டம் அப்படி. தக்க காரணம் இருந்தா சொல்லுங்க. நோய் உண்டா?"

"இல்ல."

"புத்தி கலக்கம்?"

"இனிமேதான் வரும்."

"வந்தப்புறம் சொல்லுங்க" என்று அதிகாரி காப்பியை ஊற்றினார். "ஒரு தடவை போயி எல்லாக் கூட்டத்துலயும் முழுசா உக்காந்து எந்திரிச்சா, அடுத்த தடவை வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதுவும் சட்டம்தான்."

ஆபெலோனா பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கினாள். "போயிட்டு வாங்க. சுவரை வாங்கிட்டு வந்துருங்க. கடையை நான் பாத்துக்கிறேன்."

"உப்பு இறக்கும்போது மேல நின்னு பாக்கணும். மோன்ஸ் மீனை எண்ணும்போது பேச்சுக் குடுப்பான், அவன் வாயைப் பாத்துக்கிட்டு..."

"நான் இந்தக் கடையில பொறந்தவ" என்றாள் ஆபெலோனா. "நீங்கதான் வேலைக்கு வந்தீங்க."

கிறிஸ்தியானியாவில் முதல் வருஷம் அவர் எழுந்து பேசினார். படித்துறையில் பேசுகிற மாதிரியே பேசினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தலைவர் மணியை அடித்து, மாண்புமிகு உறுப்பினர் இப்போது படகில் இல்லை, சபையில் இருக்கிறார் என்றார். சபை சிரித்தது. சட்ட நூல்களோடு வளர்ந்த அந்த முகங்கள் சிரித்ததில் செவெரினுக்குக் காது சிவந்தது. கோரிக்கை ஒரு குழுவுக்குப் போயிற்று. குழு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது. அடுத்த வருஷம், துறைமுக அலுவலகத்தின் கருத்தைக் கேட்டோம், இன்னும் வரவில்லை என்றது. அதற்கடுத்த வருஷம் கருத்து வந்துவிட்டது, சுவர் தேவைதான் என்றும் சொல்லிவிட்டது. ஆனால் பணம் பூராவும் ரயில் பாதைக்குப் போய்விட்டது.

"ரயிலு!" என்று செவெரின் தங்கியிருந்த அறையில் பூட்ஸைச் சுவரில் எறிந்தார். "காட் மீனு ரயில்லயா வருது?"

ஜூன் முடிவில் கப்பலில் ஊர் திரும்பினால் அங்கே வேறு கூத்து. படித்துறையில் மோன்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "வாங்க மொதலாளி! சுவரு எங்க? பெட்டியில இருக்கா, பின்னால வர்ற கப்பல்ல போட்டிருக்கீங்களா?" பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ரொட்டிமாவு புளிக்கத் தாமதமானால் அந்த ஊரில் "செவெரின் சுவராட்டம் கெடக்கு" என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. மோன்ஸ் அப்படிப் பேசினாலும் அவன் கண் பன்றிப் பாறைப் பக்கம் ஒருமுறை போய்வரும். செவெரின் அதையும் பார்ப்பார். அதனால்தான் பதில் சொல்லமாட்டார்.

கடை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. அதுவே அவருக்குப் பெரிய எரிச்சல். புகையிலைப் பெட்டி இருந்த இடத்தில் வெல்லப்பாகு ஜாடி இருந்தது. உப்பு வேறு கிடங்குக்கு மாறியிருந்தது. வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, காத்திருக்கிறவர்களுக்குக் காப்பி கொடுத்தாள் ஆபெலோனா. அவர் தன்னுடைய கடையில் புகையிலையைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, சாமான் வாங்க வந்த கிழவன் ஒருவன், "மூணாவது அலமாரி, மொதலாளி" என்று எடுத்துக்கொடுத்தான்.

மூன்று வருஷம் முடிந்து மறுபடியும் தேர்தல் வந்தது. மறுபடியும் அவர் பெயர். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. மூன்று கூட்டத்திலும் ஒரு நாள் விடாமல் பெஞ்சைத் தேய்த்திருந்தார். சொல்லத்தான் போனார். தேவாலய வாசலில் மோன்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கேலி எதுவும் பேசவில்லை. "இப்ப நீங்க விட்டுட்டா, பொறவு யாரு கேப்பா?" என்றான். அவ்வளவுதான். செவெரின் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், தேவாலய வாசல் என்றும் பாராமல். சரி என்று சொன்னதற்கு அதுதான் அடையாளம்.

கிறிஸ்தியானியாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் குல்லேய்க். அதே மாவட்டத்துக்காரர்தான். ஆனால் கடலோரம் இல்லை, உள்ளே மலைப் பண்ணைக்காரர். வீட்டிலிருந்து ஒரு பெரிய மரப் பெட்டியில் உப்புக்கண்ட ஆட்டுத் தொடை, தட்டை ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி எல்லாம் கொண்டுவந்துவிடுவார். அந்தப் பெட்டி திறந்தேதான் கிடக்கும். யாரும் எடுத்துத் தின்னலாம். ஆனால் அரசாங்கப் பணப்பெட்டி என்று வந்தால் குல்லேய்க் வேறு மனிதர். ஒரு தாலர் செலவு என்று கேட்டாலும் எதிர்ப்பார்.

அந்தச் சபையில் கை தூக்குகிற வழக்கம் இல்லை. ஒரு தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் உட்கார்ந்தபடியே இருக்கவேண்டும். எதிர்ப்பு என்றால் எழுந்து நிற்கவேண்டும். குல்லேய்க் செலவு என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் அவருக்குப் பின்னால் பண்ணைக்காரர்கள் ஒரு கூட்டமே எழும். கல்லூரிக்குச் செலவா, எழுந்தார்கள். அதிகாரியின் விதவைக்கு ஓய்வூதியமா, எழுந்தார்கள். ஹெல்லேவோக்கில் அலைதடுப்புச் சுவரா, அதற்கும் எழுந்தார்கள்.

"கல்லைக் கடல்ல போடறதுக்கு வரிப்பணமா?" என்பார் குல்லேய்க், கத்தியால் ஆட்டுத் தொடையைச் சீவிக்கொண்டே. "எங்க ஊருக்கு வா. வருசா வருசம் மலையே சும்மா கல்லை உருட்டி விடுது. வேணுங்கிறதை அள்ளிக்க. இந்தா, தின்னு. மரக்கட்டை மாதிரிதான் இருக்கும், ஆனா நல்ல ஆடு."

"பெரியவரே, உங்க ஊர்ல கல்லு வந்தா ஆளு செத்தான். எங்க ஊர்ல கல்லு வரலேன்னா ஆளு சாவான்."

"அதுக்காக? நான் ஒரு செலவுக்கும் ஒத்துக்கமாட்டேன்னு சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். உனக்கு உக்காந்தா நாளைக்கு எனக்குப் பின்னால இருக்கிறவன் எல்லாம் என்னைக் கேப்பான்."

"என்ன குடுத்தா உக்காருவீங்க?"

குல்லேய்க் கத்தியைத் துடைத்து மூடினார். மனிதர் லஞ்சம் வாங்குகிற ஆள் இல்லை. ஆனால் மாட்டுச் சந்தையில் வளர்ந்தவர். "வியாபாரச் சட்டம் வருதில்ல? எவனும் எங்கயும் கடை வைக்கலாம், பழைய உரிமம் எல்லாம் செல்லாதுன்னு. எங்காளுக எல்லாருக்கும் அது வேணும். நீ மொதலாளி. உன்னை மாதிரி கடைக்காரன் எல்லாம் எந்திரிச்சு நிப்பான். நீ எந்திரிக்காத. ஒரு மொதலாளியே சும்மா உக்காந்திருந்தான்னு நான் எங்காளுககிட்ட காட்டணும். அப்ப நான் உன் சுவருக்கு உக்காருவேன், அவனுகளையும் உக்கார வைப்பேன்."

செவெரின் சன்னல் பக்கம் போய் நின்றார். கீழே தெருவில் பனிச் சேற்றில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டு கிடந்தது. அவருடைய கடை, அவருடைய உரிமம், பழைய முதலாளி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்த அழகு எல்லாம் மனசில் வந்தன. தோர்கில்ஸ் தூக்கிக் காட்டிய கையும் வந்தது.

வியாபாரச் சட்டம் ஓட்டுக்கு வந்த நாளில் பல ஊர்க் கடைக்காரர்கள், கப்பல்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். செவெரின் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற பெர்கன் வியாபாரி குனிந்து, "தூங்கிட்டியாய்யா? எந்திரி!" என்று தோளை உலுக்கினான். செவெரின் அசையவில்லை. வாழ்நாளில் அவர் வாயைத் திறக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். சட்டம் நிறைவேறியது.

பிறகு ஒரு வாரம் கழித்துச் சுவர் வந்தது. தலைவர் படித்தார். குல்லேய்க்குக்குச் செலவு என்ற சொல் காதில் விழுந்ததும் முழங்கால் தானாக நிமிர்ந்தது. மனிதர் இரண்டு கையாலும் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்த பண்ணைக்காரர்கள் பாதி எழுந்துவிட்டு, அவர் எழவில்லை என்று கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் மாதிரி குல்லேய்க் உட்கார்ந்தே இருந்தார். தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

வெளியே வந்ததும், "இனிமே என்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றார் குல்லேய்க். "முட்டி வலிக்குது."

அந்தக் கோடையில் கல் உடைக்க ஆள் வந்தது. அதற்கடுத்த கோடையும் வேலை நடந்தது. பன்றிப் பாறையில் இருந்து வளைந்து வந்து கருப்பாக ஒரு முதுகு தண்ணீருக்கு மேலே எழுந்தது. செவெரின் தினமும் அங்கே போய்க் கல் சரியாக விழவில்லை என்று கத்துவார். மேஸ்திரி கடைசியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான்.

அதே கோடையில் மோன்ஸ் தன் படகுக் கொட்டகையின் முன்பக்கத்தை அடைத்து, வெள்ளையடித்து, கதவுக்கு மேலே ஒரு பலகை மாட்டினான். மோன்ஸ் கடை. காப்பி, கயிறு, புகையிலை.

செவெரின் அதைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனார். "ஏண்டா, நான்தானே உனக்கு..."

"நீங்கதான், மொதலாளி" என்றான் மோன்ஸ், மனசாரவே. "நீங்க உக்காந்ததாலதான் சட்டம் வந்துச்சாமே, பேப்பர்ல படிச்சுச் சொன்னாங்க. ரொம்ப உபகாரம். புகையிலை வேணுமா? மொதல் போணி உங்களோடதா இருக்கட்டும்."

வாங்கினார். என்ன செய்வது? அவருடைய கடையில் புகையிலை இருக்கும் இடம் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை.

சுவர் எழும்ப எழும்ப வளைகுடா முழுவதும் அலை மறைவாயிற்று. எவன் எங்கே வேண்டுமானாலும் படகைக் கட்டலாம். குன்று மறைப்பில் இருந்த அவருடைய படித்துறைக்கு வந்துதான் மீன் இறக்கவேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. பெர்கனில் இருந்து வேறு வியாபாரிகளின் கப்பல்களும் உள்ளே வந்து நின்றன.

ஆபெலோனா ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வாயால கடை போயிருந்தா பரவாயில்ல, எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாயை மூடிட்டு உக்காந்ததால போச்சு."

"சுவரு வந்திருக்கில்ல?"

"வந்திருக்கு" என்றாள். உரித்த கிழங்கில் பெரியதாக ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "வந்திருக்குதான்."

சுவர் கட்டி முடிந்த முதல் குளிர்காலம். செவெரினுக்கு அதுதான் கடைசிக் கூட்டம். இதிலும் முழுசாக உட்கார்ந்து எழுந்தால் அவருக்கு மறுபடி மறுக்கும் உரிமை கிடைக்கும். இலையுதிர் காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு பிப்ரவரியும் தன் கடை வாசலில் உட்கார்ந்து, தென்மேற்குக் காற்று அந்தக் கல்லில் மண்டையை மோதிக்கொள்வதைப் பார்க்கலாம். ஒரே ஒரு வசந்தம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும்.

முடியவில்லை அவரால். பிப்ரவரி பிறந்ததும் கிறிஸ்தியானியாவில் காற்று மாறியது. புகைபோக்கிகளில் ஊளையிட்டது. செவெரின் சபையில் இருந்துகொண்டு சன்னலையே பார்த்தார். அங்கே சுவர் நிற்கிறதா, பெயர்ந்துவிட்டதா? அலை மேலே ஏறுகிறதா? யார் யார் வெளியே போயிருக்கிறார்கள்? பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் பற்றி ஒரு மனிதர் மதியம் பூராவும் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் விடுப்புக் கேக்கப் போறேன்" என்றார் அன்று மாலை.

குல்லேய்க் பெட்டிக்குள் இருந்து தலையைத் தூக்கினார். "ஏம்பா செவெரின், உனக்குப் புத்தி இருக்கா? பாதியில போனா முழுசா இருந்த கணக்கு ஆகாது. மறுக்க முடியாது. திரும்பவும் மூணு வருசம் மாட்டுவே."

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"கல்லு எங்க போயிடப் போவுது? ஜூன்ல போயி பாரு."

"ஜூன்ல எல்லாக் கடலும் குளம்தான் பெரியவரே! பிப்ரவரியில பாக்கணும். அது அங்க நிக்கிறதை நான் என் கண்ணால பாக்கணும்."

போய்விட்டார். கப்பல் தெற்குக் கரையைச் சுற்றி, பெர்கனைத் தாண்டி, ஸ்டாட் முனைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. அங்கே தென்மேற்கு பிடித்துக்கொண்டது. அவர் பார்க்க ஆசைப்பட்ட அதே தென்மேற்குதான். இந்தக் காற்றில் ஸ்டாட் முனையைச் சுற்றமுடியாது என்று கப்பல் தலைவன் ஒரு சிறு ஊரில் நங்கூரம் போட்டான்.

விடுதியில் ஈரக் கம்பளி நாற்றம். தரைப்பலகை நடுங்கியது. கூரையில் இருந்த ஓட்டுக் கற்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. "கெளப்புய்யா கப்பலை!" என்று செவெரின் தலைவனிடம் கத்தினார். "நான் நாடாளுமன்ற உறுப்பினர்!"

"அப்படின்னா காத்தை நிறுத்தச் சொல்லி ஒரு சட்டம் போடுங்க" என்றான் தலைவன் சீட்டைக் கலைத்துக்கொண்டே. "நான் மொத ஆளா உக்காருறேன்."

காற்று நின்று, கப்பல் முனையைச் சுற்றி, ஹெல்லேவோக் வாயிலுக்கு வந்தபோது கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. சுவரின் மேல் ஒரு கடற்பறவை உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. வளைகுடாவுக்குள் படகுகள் எல்லாம் அப்படியே கட்டியிருந்தன. செவெரின் கரையில் குதித்து நேராக மோன்ஸிடம் போனார். மோன்ஸ் தன் கடை வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு? சொல்லுடா! காத்து எப்படி அடிச்சுது?"

"அடிச்சுது மொதலாளி."

"அலை?"

"வந்துச்சு."

"சுவரு மேல ஏறுச்சா? தண்ணி எவ்வளவு ஒசரம் போச்சு? சத்தம் எப்படி இருந்துச்சு?"

மோன்ஸ் மண்வெட்டியில் சாய்ந்து யோசித்தான். உதவவேண்டும் என்றுதான் அவனுக்கு ஆசை. "உள்ள உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தோம். வெளிய யாரும் பாக்கல. பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணும் நடக்கலியே."

"ஒண்ணுமே நடக்கலியா?"

"ஒண்ணும் நடக்கல" என்றான் மோன்ஸ். பிறகு மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு, "எங்க பசங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்தானுக. நேரா உள்ள வந்து கட்டிட்டு, சாப்பிட வந்தானுக. அவ்வளவுதான்."

செவெரின் அங்கேயே நின்றார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். வெறும் கல் குவியல். அதன் மேல் பறவை எச்சம்.

அடுத்த கப்பலில் கிறிஸ்தியானியாவுக்குத் திரும்பினார். ஆசிரியர் சம்பளம் பற்றி அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் தேர்தல் வந்தது. ஊர் அதிகாரியிடம் முன்கூட்டியே போய்க் கேட்டார். அதிகாரி, "நடுவுல வந்துட்டீங்களே மொதலாளி" என்று கையை விரித்தார். "நோய் உண்டா?" என்று கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

சரி, ஊர்க்காரன் தன்னை விட்டுவிடுவான் என்றாவது செவெரின் நம்பினார். சுவர் வந்தாயிற்று, கடையும் பாதி போயாயிற்று, இனி தன்னால் யாருக்கு என்ன லாபம்? தேவாலயத்தில் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். பாதிரியார் மேசைக்கு முதலில் வந்தவன் மோன்ஸ். நல்ல கோட்டு போட்டிருந்தான். கடைக்காரன் ஆகிவிட்டான் அல்லவா.

"செவெரின் டிராங்கே" என்றான். பிறகு பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "பன்றிப் பாறை மேல இப்ப ஒரு வெளக்கு வேணும் மொதலாளி. இருட்டுல சுவரு எங்க இருக்குன்னே தெரியல. ரெண்டு படகு இடிச்சிக்கிச்சு."

"ஆமா, வெளக்கு!" என்றார்கள் பின்னால்.

"கடையை அம்மா நல்லாப் பாத்துக்கிறாங்க, நீங்க கவலைப்படாமப் போங்க" என்றான் ஒரு கிழவன். ஆபெலோனா பெண்கள் பக்கத்தில் இருந்து தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளா, இல்லையா என்று தெரியவில்லை.

"செவெரின் டிராங்கே." "செவெரின் டிராங்கே." வரிசை நகர்ந்தது.

செவெரினுக்கு ஆறு குளிர்காலம் பழகிய பழக்கம். எதிர்ப்பு என்றால் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தார். எழுந்து நின்றார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு, தாடையை இறுக்கிக்கொண்டு, கிறிஸ்தியானியா சபையில் எவனாக இருந்தாலும் புரிந்துகொள்ளக்கூடிய விதத்தில் எழுந்து நின்றார்.

பெயர் சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். பாதிரியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பின்பெஞ்சில் யாரோ, நன்றி சொல்லத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்து மரியாதைக்கு எழுந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் எழுந்தான். பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்து, ஹெல்லேவோக் முழுவதும் செவெரின் டிராங்கேவுக்காக நின்றது.

"உக்காருங்க மொதலாளி" என்றான் மோன்ஸ் அன்பாக. "எங்களுக்கே கூச்சமா இருக்கு."